சிவப்பரிசியின் நிறம் உடம்பில் சேருகிறதா?

(தோட்டத் தாய்மார் சுகாதார வகுப்பில் எமது குழுவினர் ஆற்றிய உரை. வகுப்புக்கு வர முடியாமல் போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



காலையில் பிரட்டுக்கு ஓடி, மலையில் கொழுந்து எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டு வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சம்பள நாளில் லயத்துப் பக்கம் மா டின் விற்க ஆட்கள் வருவது உங்களுக்குத் தெரியும். "கறுப்பரிசி மா, சிவப்பரிசி மா, குரக்கன் மா எல்லாம் சேர்த்தது. ஒரு டின் குடிச்சா இரத்தம் ஊறும், சீனி வருத்தம் பறக்கும்" என்று சொல்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா என்று பல தாய்மார் எங்களிடம் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் சிலருடைய கிளினிக் கார்ட்டைப் பார்த்தோம். இரத்தம் குறைவு என்று எழுதியிருந்தது. இரும்புக் குளிசையும் கொடுத்திருக்கிறார்கள். "குளிசையை எதோடு விழுங்குறீங்க?" என்று கேட்டோம். "தேத்தண்ணியோடதான்" என்றார்கள்.

இந்த இரண்டும் வேறு வேறு விஷயம் போலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடம் நம்முடைய வயிறு. தட்டில் இருப்பது எல்லாம் உடம்பில் சேர்ந்துவிடுவதில்லை. தட்டுக்கும் இரத்தத்துக்கும் நடுவிலே சமிபாடு என்று ஒரு நீண்ட பாதை இருக்கிறது. எது சேரும், எது சேராது என்பதை அந்தப் பாதைதான் தீர்மானிக்கிறது.

நிறம் எங்கே இருக்கிறது?

நெல்லின் உமியை நீக்கினால் உள்ளே அரிசியின் மேல் ஒரு மெல்லிய தவிட்டுத் தோல் இருக்கும். சிவப்பரிசியின் சிவப்பும் கறுப்பரிசியின் கறுப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. நம் நாட்டுப் பழைய நெல்லினங்களான பச்சைப்பெருமாள், மடத்தவாளு, குருலுதுட, கலு ஹீனட்டி ஆகியவை சிவப்புத் தோல் உள்ளவை. குரக்கனுக்கும் அப்படியேதான். அதன் செம்மண் நிறம் மேல் தோலில் இருக்கிறது. குரக்கனைத்தான் இந்தியாவில் கேழ்வரகு என்றும் கேப்பை என்றும் சொல்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன்மார் ஊரில் கூழாகக் காய்ச்சிக் குடித்தது இதைத்தான்.

அரிசியை மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டினால் அந்தத் தோல் தவிடாகிப் போய்விடும். நிறத்தோடு சத்தும் போய்விடும். இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1890களில் ஜாவா தீவில் எய்க்மன் என்ற ஒல்லாந்த டொக்டர், தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்துபோவதையும், தீட்டாத அரிசியைக் கொடுத்தபோது அவை எழுந்து நடப்பதையும் கண்டார். பெரிபெரி நோயின் காரணம் அதிலிருந்துதான் வெளிச்சத்துக்கு வந்தது. 1929இல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தச் சத்தைத்தான் இன்று விற்றமின் பி1 என்கிறோம்.

இப்போது நிறத்துக்கு வருவோம். கறுப்பரிசியின் நிறப் பொருளுக்கு அந்தோசயனின் என்று பெயர். சிவப்பரிசியின் நிறம் பெரும்பாலும் தனின் வகையைச் சேர்ந்தது. தேத்தண்ணியில் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு இருக்கிறதே, அதற்கு இது நெருங்கிய சொந்தம். குரக்கன் தோலிலும் தனின் உண்டு. இவற்றை எல்லாம் ஒட்சியேற்ற எதிர்ப்பொருள்கள் என்று சொல்கிறார்கள்.

பெயர் பெரிதாக இருக்கிறது, விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். தொழிற்சாலையில் அரைபட்ட பச்சைக் கொழுந்து கொஞ்ச நேரத்தில் செம்பு நிறமாக மாறுகிறது அல்லவா? காற்றில் உள்ள ஒட்சிசன் அதில் வேலை செய்கிறது. அதுதான் ஒட்சியேற்றம். வெட்டி வைத்த வாழைப்பூ கறுப்பதும் அதனால்தான். எலுமிச்சம் புளி போட்ட தண்ணீரில் வாழைப்பூவைப் போட்டால் கறுக்காது. அது போல நம் உடம்புக்குள்ளும் ஒட்சிசனால் ஓயாமல் சேதம் உண்டாகிறது. அந்தச் சேதத்தைத் தடுக்கும் சக்தி உள்ள பொருள்கள்தான் இவை.

வாயிலிருந்து பெருங்குடல் வரை

ஆனால் குப்பியிலே ஊற்றிப் பார்க்கும்போது வேலை செய்கிற பொருள், வயிற்றுக்குள் போனாலும் அதே வேலையைச் செய்யுமா? இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுகூடத்திலே ஒரு செயற்கை வயிறு வைத்திருக்கிறார்கள். பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து 2014இல் அதற்கு ஒரு பொது முறையை வெளியிட்டார்கள். உணவை 2 நிமிடம் உமிழ்நீரில் வைக்க வேண்டும். பிறகு 2 மணித்தியாலம் இரைப்பையைப் போலப் புளிப்பான நீரில், பிறகு 2 மணித்தியாலம் சிறுகுடலைப் போலப் புளிப்பு நீங்கிய நீரில் வைக்க வேண்டும். சூடு எப்போதும் நம் உடம்புச் சூடான 37 பாகை. இப்படிச் செய்து பார்த்தால் எந்தப் பொருள் எங்கே வெளியே வருகிறது, எங்கே அழிகிறது என்று தெரியும்.

முதலில் வாய். முழுத்தானியத்தின் தோல் கெட்டியானது. பல்லால் உடைத்தால்தான் உள்ளே நீர் ஊறும். அவசரமாக விழுங்கினால் பாதி அப்படியே கீழே போய்விடும். நன்றாக மென்று சாப்பிடச் சொல்வது சும்மா இல்லை.

அடுத்தது இரைப்பை. இங்கே அமிலம் சுரக்கிறது. கறுப்பரிசியின் அந்தோசயனினுக்குப் புளிப்பு பிடிக்கும். இரைப்பையில் அது பெரும்பாலும் தாக்குப் பிடிக்கும்.

அதற்கு அடுத்தது சிறுகுடல். இங்கே பித்தநீரும் சதையநீரும் வந்து சேர, புளிப்பு போய்விடும். புளிப்பு போனதும் அந்தோசயனின் நிலைகுலைந்து, பெருமளவு உருமாறிப் போகும். வீட்டிலேயே இதன் சாயலைச் செய்து பார்க்கலாம். சிவப்புச் செவ்வரத்தைப் பூவின் இதழ்களைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து வடித்து, இரண்டு கோப்பையில் ஊற்றுங்கள். அந்தப் பூவிலும் அந்தோசயனின்தான். ஒன்றில் எலுமிச்சம் புளி விட்டால் பளிச்சென்று சிவக்கும். மற்றதில் அப்பச்சோடா போட்டால் நீலமும் பச்சையுமாக மாறும். பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்க, நல்ல வேடிக்கை. பொருள் ஒன்றுதான், இடம் மாறும்போது அதன் குணமும் மாறுகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தானியத்தில் உள்ள எதிர்ப்பொருள்களில் பெரும்பகுதி நாரோடு நாராகக் கட்டப்பட்டுக் கிடக்கிறது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: இந்த வகைப் பொருள்களில் அரிசியிலே 62 சதவீதமும் கோதுமையிலே 75 சதவீதமும் இப்படிக் கட்டுண்டவை. காட்டுக் கொடியால் இறுகக் கட்டிய விறகுக் கட்டை நினைத்துக்கொள்ளுங்க. இரைப்பையின் அமிலத்தாலும் சிறுகுடலின் நொதியங்களாலும் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது.

அங்கேதான் வேலையாட்கள் இருக்கிறார்கள். பெருங்குடலில் வாழும் கோடிக்கணக்கான நல்ல பற்றீரியாக்கள் அந்த நாரைத் தின்று, கட்டை அவிழ்த்து விடுகின்றன. வெளியே வரும் சிறு பொருள்களில் ஒரு பங்கு இரத்தத்தில் சேர்கிறது. சிவப்பரிசியின் பெரிய தனின் மூலக்கூறுகளும் சிறுகுடலில் அதிகம் உறிஞ்சப்படுவதில்லை. அவற்றையும் பற்றீரியாக்கள்தான் துண்டாக்குகின்றன. அதனால்தான் தீட்டாத அரிசியும் முழுக் குரக்கனும் சில நேரச் சாப்பாட்டோடு முடிந்துவிடாமல், மணிக்கணக்காகக் குடலில் இருந்து பயன் தருகின்றன. மலச்சிக்கலும் குறைகிறது.

ஆகவே முதல் கேள்விக்கு விடை இதுதான். நிறம் முழுவதும் சேராது. ஒரு பகுதி, உருமாறிச் சேரும். டின்னிலே "எதிர்ப்பொருள் இத்தனை மடங்கு" என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறாதீங்க. குப்பியில் அளந்த அப்படிப்பட்ட எண்களை அமெரிக்க விவசாயத் திணைக்களமே ஒரு காலத்தில் பட்டியல் போட்டு வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியாது என்று 2012இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. கூட்டுறவுக் கடையில் வாங்கும் தீட்டாத சிவப்பரிசியிலும் சாதாரணக் குரக்கன் மாவிலும் இருப்பதை விட, டின்னில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இரத்தத்துக்கு வருவோம்

இனி எங்களுக்கு மனக்கவலை தருகிற விஷயத்தைச் சொல்கிறோம். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மலை ஏறும்போது மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, கண் இருட்டுவது இதையெல்லாம் "வேலைக் களைப்பு" என்று சும்மா விட்டுவிடுகிறோம். பலருக்கு அது இரத்தச் சோகை. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் இரத்தச் சோகை. கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11க்குக் குறையக் கூடாது. குறைந்த இரத்தத்தோடு பிரசவத்துக்குப் போவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

இரத்தத்துக்கு இரும்புச் சத்து வேண்டும். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். அரிசி, மா, பருப்பு, கீரை இவற்றில் உள்ள இரும்பு அவ்வளவு சுலபமாகச் சேராது. நம் தட்டில் இரண்டாவது வகைதான் அதிகம்.

இங்கேதான் சிவப்பரிசியின் நிறமும் தேத்தண்ணியின் சாயமும் ஒரே குணத்தைக் காட்டுகின்றன. தனின், குடலுக்குள் இரும்பைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது. அந்த இரும்பு இரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். முழுத்தானியத்தில் உள்ள பைற்றிக் அமிலமும் இதே வேலையைச் செய்கிறது. நல்லது செய்யும் பொருளே, இடம் பொருள் பார்க்காமல் பயன்படுத்தினால் இடைஞ்சலும் செய்கிறது.

அளவில் பார்த்தால் தேத்தண்ணிதான் பெரிய தடை. 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சோற்றோடும் பாணோடும் தேநீர் குடித்தபோது இரும்பு சேர்வது குறைந்தது. 1999இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், பாணோடு குடித்த கறுப்புத் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதை 79 முதல் 94 சதவீதம் வரை குறைத்தது. நூறு பங்கு சேர வேண்டிய இடத்தில் இருபது பங்குதான் சேர்கிறது, அதற்கும் குறைவாகவும் சேரலாம். ரொட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிற நம் வழக்கத்தை இதோடு வைத்துப் பாருங்க.

அப்படியானால் தேத்தண்ணியை விட்டுவிடுவதா? வேண்டாம். குளிரிலும் மழையிலும் மலையில் நிற்கிறவர்களிடம் தேத்தண்ணி குடிக்காதே என்று சொல்ல எங்களுக்கு மனமும் இல்லை, தேவையும் இல்லை. 2017இல் இங்கிலாந்துப் பெண்களிடம் செய்த ஆய்வு நல்ல செய்தி சொல்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேநீர் குடித்தபோது, சாப்பாட்டோடு குடித்ததை விட இரும்பு நன்றாகச் சேர்ந்தது. ஆகவே தேத்தண்ணி எதிரி அல்ல. அது வரும் நேரம்தான் பிழை.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒன்று. எழுந்தவுடன் குடிக்கிற தேத்தண்ணியைக் குடியுங்க. ரொட்டியைப் பிறகு சாப்பிடுங்க. பகல் சோற்றோடும் இராச் சாப்பாட்டோடும் சுடுதண்ணீர் குடித்துப் பழகுங்க. தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் தள்ளி வரட்டும். காலையில் பிரட்டு அவசரத்தில் முடியாவிட்டால், அந்த இரண்டு வேளையையாவது காப்பாற்றுங்க.

இரண்டு. சாப்பாட்டோடு புளிப்பும் பழமும் சேருங்க. விற்றமின் சி, இரும்பைத் தனின் பிடிக்கும் முன் தான் பிடித்துக் கொடுக்கும். சம்பலுக்கு எலுமிச்சம் புளி விடுங்க, ஆனால் அடுப்பில் கொதிக்கும்போது விடாமல் இறக்கியபின் விடுங்க. சூட்டில் அந்த விற்றமின் அழியும். லயத்துப் பக்கம் காய்க்கிற கொய்யாப்பழத்தில் தோடம்பழத்தை விட விற்றமின் சி அதிகம். காசும் இல்லை. வல்லாரைச் சம்பலும் பச்சையாகச் செய்கிறபடியால் நல்லது.

மூன்று. ஒரு பிடி நெத்தலிக் கருவாடு சேர்த்தாலும் போதும். அது தன் இரும்பைக் கொடுப்பதோடு, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பையும் சேர வைக்கும்.

நான்கு. குரக்கனை முளைக்கட்டுங்க. கழுவி ஓர் இரவு ஊற வைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி வையுங்க. ஒன்று இரண்டு நாளில் முளை எட்டிப் பார்க்கும். குளிர் மலையில் இன்னும் ஒரு நாள் எடுக்கும். பிறகு வெயிலில் காய வைத்து, இலேசாக வறுத்து, அரைக்கலாம். முளைக்கும்போது தானியமே தன் கட்டை அவிழ்க்கத் தொடங்குகிறது. பைற்றிக் அமிலம் குறையும். பூஞ்சணம் பிடித்தாலோ கெட்ட வாடை அடித்தாலோ முழுவதையும் எறிந்துவிடுங்க. ஊற வைத்துப் புளிக்க வைத்த தோசை, அப்ப மாவிலும் இதே நன்மை உண்டு.

ஐந்து. சிவப்பரிசியைக் கசக்கிக் கசக்கி நிறம் போகக் கழுவாதீங்க. கஞ்சியை வடித்துக் கொட்டாமல் அளவுத் தண்ணீரில் வேக வையுங்க. தண்ணீரில் கரையும் சத்து அந்தக் கஞ்சியோடுதான் போகிறது.

ஆறு. செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோதுமை மா ரொட்டியை ஒரே நாளில் விடச் சொல்லவில்லை. இரண்டு பங்கு கோதுமை மாவோடு ஒரு பங்கு குரக்கன் மா சேர்த்து, சுடுதண்ணீர் விட்டு, தேங்காய்ப்பூப் போட்டுப் பிசையுங்க. ரொட்டி உடையாது. குரக்கனில் கல்சியமும் நிறைய இருக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. கோதுமை மாவில் அவ்வளவு கிடையாது.

ஏழு. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீங்க. வெறும் தண்ணீரோடு அல்லது எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்குங்க. கல்சியக் குளிசையும் தந்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாமல், கிளினிக்கில் சொன்ன நேரப்படி போடுங்க. இரத்தம் குறைந்தவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது. குளிசையும் வேண்டும், பூச்சி மருந்தும் வேண்டும். கொக்கிப் புழு இருந்தால் எவ்வளவு சாப்பிட்டாலும் இரத்தம் கசிந்து போய்க்கொண்டே இருக்கும்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"பால் ஊற்றிக் குடிச்சா சாயம் இரும்பைப் பிடிக்காதா?" பிடிக்கும். 1999ஆம் ஆண்டு ஆய்வில் பால் சேர்த்தும் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. கோப்பியும் இரும்பைத் தடுக்கும். அதையும் தள்ளித்தான் குடிக்க வேண்டும்.

"சின்னப் பிள்ளைக்குப் பிளேன்டீ கொடுக்கலாமா?" வேண்டாம். போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்க. வளரும் பிள்ளைக்கு இரும்பு அதிகம் தேவை. வயிறோ சின்னது. அதைச் சாயத்தண்ணியால் நிரப்பினால் சாப்பாட்டுக்கு இடமும் இல்லை, சாப்பிட்ட இரும்பும் சேராது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று மருத்துவிச்சி அம்மாவிடம் கேளுங்க.

"சீனி வருத்தக்காரர் குரக்கன் எவ்வளவும் சாப்பிடலாமா?" முடியாது. குரக்கனும் சிவப்பரிசியும் மாச்சத்து உள்ளவைதான். தோலோடும் நாரோடும் இருப்பதால் சீனி கொஞ்சம் மெதுவாக ஏறும். ஆனாலும் அளவு மீறினால் ஏறத்தான் செய்யும். மருந்தை நிறுத்திவிட்டு மா டின்னை நம்பவே கூடாது.

"ஆம்பிளைங்க என்ன செய்யணும்?" என்று வாசலில் இருந்து ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. வீட்டிலே மீன் துண்டும் முட்டையும் முதலில் யார் தட்டுக்குப் போகிறது என்று பாருங்க. சமைத்தவள் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவதுதான் பல வீட்டில் நடக்கிறது. மாதா மாதம் இரத்தம் இழக்கிறவளும், பிள்ளையைச் சுமக்கிறவளும் அவள்தான். இரும்பு அவளுக்குத்தான் அதிகம் தேவை. அவள் தட்டைக் கவனிப்பது உங்கள் வேலை. சோறு தின்ற கையோடு "தேத்தண்ணி ஊத்து" என்று கேட்காமல் ஒரு மணித்தியாலம் பொறுப்பதும் உங்கள் வேலைதான். நீங்கள் பொறுத்தால் அவளும் பொறுப்பாள்.

தாய்மாரே, நாம் கிள்ளிப் போடுகிற கொழுந்தை உலகமே குடிக்கிறது. கொழுந்து கிள்ளுகிற கையில் இரத்தம் இருக்க வேண்டாமா? அதற்கு விலை கூடின டின் தேவையில்லை. தீட்டாத அரிசி, முளைக்கட்டிய குரக்கன், ஒரு துண்டு எலுமிச்சை, ஒரு பிடி கீரை, கிளினிக் குளிசை, தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியால இடைவெளி, இவ்வளவுதான். இன்றைக்கு இராச் சாப்பாட்டிலிருந்தே தொடங்கலாம். அடுத்த கிளினிக்கில் மறக்காமல் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்க. இரத்தம் கூடியிருந்தால் பக்கத்து லயத்து அக்காவுக்கும் சொல்லிக் கொடுங்க.